போறேனுங்க

எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் எங்கேயும் போவதில்லை. போயிட்டு வருவார்கள். முக்குக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போகிறவரும் சொல்வார், கல்யாணமாகி அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிற பெண்ணும் சொல்வாள்: "போயிட்டு வாரேனுங்க." தப்பித் தவறி "போறேன்" என்று வந்துவிட்டால், பக்கத்தில் நிற்கிற யாராவது பதறிப்போய், "அட, வாயக் கழுவு! போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று அதட்டுவார்கள். போறேன் என்பது ஒரேயடியாகப் போகிறவர்களின் சொல். ஆரம்பப் பள்ளி டீச்சராக இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தத் திருத்தத்தைச் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் ஒரு தப்பு இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியவள் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி.

எங்கள் பள்ளி சோமனூர்ப் பக்கம். சுவருக்கு அந்தாண்டை விசைத்தறிக் கூடம். காலையில் நாங்கள் பிரார்த்தனைக்கு நிற்கும்போதே தறிச் சத்தம் தொடங்கியிருக்கும். அதனால் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள், நானும் அப்படித்தான். கல்யாண வீட்டில் நான் ரகசியம் சொன்னால் சமையல்காரர் வரைக்கும் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அந்தச் சிறுமியின் அப்பாவும் அம்மாவும் ஒடிசாவிலிருந்து வந்து அந்தத் தறிக் கூடத்தில் வேலை செய்தார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் காது வழியாக வந்தது. அவளுக்கோ பாடமாக வந்தது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு, அந்த அர்த்தத்தோடு பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வாள். 'ழ' மட்டும் வருவேனா என்றது. "நாக்க உள்ள மடிங்க கண்ணு" என்று நான் வாயைத் திறந்து காட்டிக் காட்டி, ஒரு மாதம் கழித்து ஒரு நாள் "வாழைப்பழம்" என்று தெளிவாகச் சொன்னாள். அன்றைக்கு வகுப்பே கை தட்டியது. இரண்டாம் வகுப்பில் சத்தம் போட்டு வாசிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை.

அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு வெளிநாட்டு இளைஞர்கள் ஆறு பேர் வந்தார்கள். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குச் சேவை செய்ய ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சி மூலமாக. சேவை செய்வதற்கு அவர்களே பெரிய தொகை கட்டி வந்திருந்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் பள்ளிக்கு அதில் ஒரு சாக்பீஸ்கூட வரவில்லை. இரண்டு வாரம் இருந்தார்கள். ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள். உயிரெழுத்து எழுதியிருந்த சுவரில் வண்ணத்துப்பூச்சி வரைந்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டேன். அவர்களில் ஒரு பெண் நம் சிறுமியோடு ஒட்டிக்கொண்டாள். இருவருக்கும் பொது மொழி என்று ஒன்றுமில்லை. ஆனாலும் மதியச் சாப்பாட்டு மணிக்குக் கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்காகத் திரிவார்கள்.

கடைசி நாள், ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் பெண் என்னிடம் வந்து, விடைபெறும்போது தமிழில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள். நான் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். நாலு தடவை சொல்லவும் வைத்தேன். அவள் சிறுமியின் முன்னால் குத்துக்காலிட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாரேன்" என்றாள். எல்லோரும் கை தட்டினோம். பலமாகத் தட்டியவள் நான்தான்.

திங்கட்கிழமை காலை சிறுமி பள்ளி வாசல் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். மணி அடித்தும் உள்ளே வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. "டீச்சர், அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊர்க்காரிக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராதே! "வருவாங்க கண்ணு, பாக்கலாம்" என்று சொல்லிப்போட்டேன். ஒரு மாதம் கேட்டில் நின்றாள். கடைசியில் கூடப் படிக்கிற பெண் ஒருத்திதான் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தாள்: "லூசு, அவங்க வர மாட்டாங்க. போயிட்டு வாரேங்கறது சும்மா சொல்றது."

அன்றோடு அவள் பேச்சு நின்றது. எழுதுவாள், கணக்குப் போடுவாள், கேட்டால் தலையாட்டுவாள். வாய் திறந்து வாசிக்க மாட்டாள். மூன்றாம் வகுப்பு முழுக்க இப்படியே போனது. அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், வீட்டில் ஒடியாவில் பேசுகிறாள் என்றார். தமிழில் மட்டும்தான் மௌனம். எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். ஒருநாள், "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே?" என்று கத்தியே விட்டேன். அவள் என்னையே பார்த்தாள். நான் சொல்லிக் கொடுத்த சொற்களில் எது நிஜம், எது சும்மா என்று தெரியாத பிள்ளை பிறகு எந்தச் சொல்லை நம்பி வாயைத் திறக்கும்? இதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு இது புரியவில்லை.

அவள் நான்காம் வகுப்புக்கு வந்த ஜூன் மாதம் கென்யாவிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பறை விஷயங்களைப் பகிர்ந்துகொள்கிற இணையக் குழு ஒன்றில் எனக்குப் பழக்கமானவர், என் வயதுக்காரர். நெரிசலான வகுப்பில் பல மொழிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும், பதிலுக்குப் பத்து வாரம் உங்களுக்கு உதவியாக இருக்கிறேன் என்று கேட்டிருந்தார். நிர்வாகம் எழுத்தில் சம்மதம் கொடுத்தது. நடுவில் ஏஜென்சி எதுவும் இல்லை. டிக்கெட் அவர் சேமிப்பில், தங்குவது எங்கள் மாடி அறையில், சாப்பாடு எங்களோடு, பாத்திரம் கழுவுவது அவர்.

"வெளிநாட்டு டீச்சருன்னா வெள்ளைக்காரி இல்லீங்களா?" என்று என் வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டார். நான் அவரை முறைத்தேன். உண்மையைச் சொன்னால், நமக்கு உதவ வருகிறவர்கள் வெள்ளையாகத்தான் இருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கும் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. வந்த அன்று ராகிக் களியும் கீரைக் கடைசலும் வைத்தேன். அவர் களியைக் கிள்ளி, உருட்டி, நடுவில் கட்டை விரலால் குழி பண்ணிக் கீரையை அள்ளிய அழகைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "அட, நம்ம ஊட்டு ஆளு!" என்று சொல்லிவிட்டார். அவர்கள் ஊரில் அதையே மக்காச்சோள மாவில் செய்வார்களாம்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்தார். அவர் மேல் எந்த வழக்கும் இல்லை என்று அவர் நாட்டுப் போலீஸ் கொடுத்த சான்று. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இதையெல்லாம் யார் கேட்டார்கள்?" என்றேன்.

"நீங்கள் கேட்டிருக்க வேண்டும்" என்றார். "பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் முன்பின் தெரியாத ஆளை விடுகிறீர்கள்."

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஆங்கிலம்தான். அவருடையது சரளம், என்னுடையது தட்டுத் தடுமாறி. அந்த ஆறு பேரிடம் நாங்கள் பெயரைத் தாண்டி எதுவும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

வகுப்பில் அவர் செய்த முதல் காரியம் இன்னும் வினோதம். ஒரு பெரிய தாளில் பத்து வாரத்துக்கும் கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்தில் ஒரு விமானத்தை வரைந்து சுவரில் ஒட்டினார். தினமும் ஒரு பிள்ளை ஒரு கட்டத்தை அடிக்க வேண்டும். "இந்த நாள் நான் கிளம்புவேன்" என்று என்னை விட்டுத் தமிழில் சொல்ல வைத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்து இன்னும் கால்கூடக் கழுவவில்லை, அதற்குள் கிளம்புகிற நாளை எழுதி மாட்டுகிற விருந்தாளியை எங்கள் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? ஆனால் நம் சிறுமி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதை நானும் பார்த்தேன்.

பாடம் எடுப்பார் என்று பார்த்தால், முதல் வாரம் முழுக்கப் பின்வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். "டீச்சர் நீங்கள். நான் போன பிறகும் இங்கே இருக்கப்போவது நீங்கள்தான். என்னால் இந்த வகுப்பு நடந்தால், நான் போனதும் நின்றுவிடும்" என்றார். பிறகு, "இந்த வகுப்பில் தமிழை வெளியிலிருந்து வந்து கற்றது யார்?" என்று கேட்டார். நான் அந்தச் சிறுமியைக் காட்டி, அவள் வாய் திறக்க மாட்டாள் என்பதையும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். கேட்டில் நின்ற கதையைச் சொன்னேன், நான் சொல்லிக் கொடுத்ததை மட்டும் விட்டுவிட்டு.

"அப்படியானால் எனக்குத் தமிழ் டீச்சர் அவள்தான். எங்கே கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்" என்றார்.

தினமும் மதியம் அரை மணி நேரம். எங்கள் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சிறுமியின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசிப்பார். தப்பும் தவறுமாக. பிள்ளைகள் சுற்றி நின்று சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். சிறுமி சிரிக்கவும் மாட்டாள், திருத்தவும் மாட்டாள். தப்பு வந்த இடத்தில் விரலை வைப்பாள், அவ்வளவுதான். அவர் ஒரு நாள்கூட "பேசு" என்று சொல்லவில்லை. எனக்குத்தான் கை பரபரத்தது. இத்தனை வயதுக்கு ஒரு பிள்ளையின் முன்னால் அப்படித் தோற்றுக்கொண்டே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. சத்தியமாக முடியாது.

மூன்றாவது வாரம், கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்தன. அப்படி அமைதியானால் எங்கள் பிள்ளைகளும் தாமாக அடங்கிவிடுவார்கள். அவர் "வாலைப்பலம்" என்று வாசித்தார். சிறுமி விரலை வைத்தாள். மறுபடியும் "வாலைப்பலம்." மறுபடியும் விரல். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, பொறுக்க முடியாமல் சிறுமி வாயை அகலமாகத் திறந்து காட்டி, "நாக்க உள்ள மடிங்க, டீச்சர்" என்றாள்.

நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் கேட்காத குரல். அதுவும் நான் அவளுக்குச் சொன்ன அதே சொற்கள், அதே 'ங்க'வோடு. எனக்கு ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கென்யா டீச்சர் கண்ணாலேயே என்னை அங்கேயே நிற்கச் சொன்னார். அவர் எந்த ஆர்ப்பாட்டமும் செய்யவில்லை. நாக்கை மடித்தார். "வாழ்ழைப்பழ்ழம்" என்றார். "செரிங்க. ஆனா அவ்வளவு மடிக்க வேண்டாமுங்க" என்றாள் சிறுமி.

அதற்கப்புறம் மடை திறந்த மாதிரிதான். கென்யா டீச்சருக்கு அவள் தமிழ் சொல்லிக் கொடுத்தாள். நாங்கள் பேசுகிற தமிழ். பத்து வாரத்துக்குள் அந்த அம்மாள் தெருவில் போகிற நாய்க்குக்கூட "அக்கட்டால போங்க" என்று மரியாதை கொடுத்தார். எங்கள் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் வகுப்பில் மற்ற பிள்ளைகள் முன்னால் சத்தமாக வாசிக்க மட்டும் சிறுமி இன்னும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. சுவரில் கட்டங்கள் ஒவ்வொன்றாக அடிபட்டுக்கொண்டிருந்தன. இவரும் போய்விட்டால், மறுபடியும் அந்த வாய் மூடிக்கொண்டால், இந்தத் தடவை திறக்க யார் வருவார்கள்?

கிளம்புவதற்கு முதல்நாள் சமையல்கட்டில் அவரிடம் சொன்னேன். "நாளைக்குப் பிள்ளைகளிடம் போறேன் என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊரில் அது அபசகுனம். போயிட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும்."

"அதற்கு என்ன அர்த்தம்?"

சொன்னேன். அவர் கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார். "அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார்?"

நான் குனிந்து அரிசியைக் களைந்தேன். என் முகமே சொல்லியிருக்கும். அவர் திட்டவில்லை. "எங்கள் மொழியிலும் பார்ப்போம் என்று சொல்லித்தான் பிரிவோம். பெரியவர்களுக்குள் அது சரி" என்றார். "நான் திரும்பி வரப்போவதில்லை. இன்னொரு டிக்கெட் என்னால் முடியாது. அங்கே என் வகுப்பு இருக்கிறது. வராத நான் வருகிறேன் என்று எப்படிச் சொல்வேன்?"

"அப்போ ஒன்றுமே சொல்லாமல் போங்கள்!" என்று நான் கத்தினேன்.

"அது இன்னும் மோசம்" என்றார் அவர், ரொம்ப மெதுவாக.

மறுநாள் மதியம் வகுப்பின் முன்னால் நின்று சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுத்தாளை எடுத்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார். "நான் இன்னைக்குப் போறேனுங்க. திரும்பி வர மாட்டேனுங்க. உங்க மேல கோவமில்லீங்க. என்ற ஊரு தூரமுங்க. உங்கள நெனச்சுக்குவேனுங்க."

போறேனுங்க. அந்தச் சொல் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், டீச்சர் அதட்டுவார் என்று. அப்போதுதான் அந்தத் தாளைக் கவனித்தேன். குண்டு குண்டான எழுத்து, 'ற'வின் கால் மட்டும் கொஞ்சம் நீளம். நம் சிறுமியின் கையெழுத்து. அவர் அவளிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார். "உங்க மேல கோவமில்லீங்க" என்பதைச் சேர்த்தது யார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

சிறுமி எழுந்து போய் விமானம் இருந்த கட்டத்தை அடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதது நான். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பீரோவைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி நின்றேன்.

திங்கட்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே பள்ளிக்குப் போனேன். கேட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. கேட்டில் யாருமில்லை. உள்ளே தறிச் சத்தத்தையும் மீறி ஒரு குரல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை எதிரே உட்கார வைத்து அவள் வாசித்துக்கொண்டிருந்தாள், சத்தமாக, அந்தப் பழைய குரலில். நான் வாசற்படியிலேயே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். கோயிலில் திரை விலகும்போது நிற்பேனே, அப்படி. இனிப்பான பொய்யைக் கொடுத்தபோது மூடிக்கொண்ட வாய், கசப்பான உண்மையைக் கொடுத்ததும் திறந்துகொண்டது. இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் படித்ததில்லை.

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம் அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். சூரத்தில் பெரிய தறி ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது, மறுநாள் ரயில், மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார். சான்றிதழ் தயாராகும் வரை என் மேசைக்குப் பக்கத்தில் சிறுமி நின்றுகொண்டிருந்தாள், பையை மாட்டிக்கொண்டு. அவள் அப்பா தமிழைத் தறிக் கூடத்தில் காது வழியாகக் கற்றவர். காகிதத்தை வாங்கிக்கொண்டு, எங்கள் ஊர் முறைப்படி அழகாகக் கும்பிட்டு, "போயிட்டு வாரோமுங்க, டீச்சர்" என்றார்.

சிறுமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வர மாட்டோமுங்க டீச்சர். நான் போறேனுங்க."

"அட வாயக் கழுவு" என்பது என் தொண்டை வரைக்கும் வந்தது. பழக்கம். விழுங்கினேன். "பாக்கலாம் கண்ணு" என்பது அதற்குப் பின்னாலேயே வந்தது. அதையும் விழுங்கினேன். என் பதிலுக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"செரிங்க கண்ணு" என்றேன். "போங்க."